யார் உயிரை வைத்து வாசல் திறப்பது?

2021 பிப்ரவரி 12 மதியம், விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. பேன்சி ரகப் பட்டாசு செய்துகொண்டிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை தொடங்கியதும் அந்த வட்டாரம் வெகுகாலமாக அறிந்த ஒரு செய்தி வெளியே வந்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. ஆலையைக் குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவர். அவரிடமிருந்து உள்குத்தகைக்குப் பிடித்து வேலை வாங்கியவர்கள் வேறு சிலர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

பணத்தை யார் கட்டுவது என்பதைச் சட்டம் ஒருவாறு தீர்த்துவிடும். அதற்கு முன்னால் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. ஆபத்து உள்ள இடத்தில் வாசலைத் திறந்துவிடும் உரிமை யாருக்கு உண்டு? தன் இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டுப் போனவரின் பொறுப்பும் கூடவே கைமாறிவிடுமா?

இதே கேள்வியை, உயிர் போகாத வேறொரு களத்தில், லினக்ஸ் நிர்வாகிகள் நாள்தோறும் எதிர்கொள்கிறார்கள். பட்டாசு அறையையும் கணினியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பழுதான ஹார்டு டிஸ்கை மாற்றலாம், போன உயிரை மீட்க முடியாது. ஆனாலும் வாசல், அனுமதி, பிரதிநிதி ஆகிய மூன்றையும் பற்றிக் கணினிக்காரர்கள் எழுத்துக்கு எழுத்து யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்த யோசனையில் அறநூல்களுக்கும் வேலை இருக்கிறது.

சிவகாசிப் பக்கத்து அச்சகம் ஒன்றையோ காலண்டர் கம்பெனி ஒன்றையோ எடுத்துக்கொள்வோம். பத்துப் பதினைந்து கணினிகள், ஒரே இணைய இணைப்பு. அந்த இணைப்புக்கும் கணினிகளுக்கும் நடுவில் ஒரு பழைய கணினியை வைத்து, அதில் டெபியனோ உபுண்டுவோ நிறுவுகிறார்கள். வருகிற போகிற ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும் நிறுத்திப் பார்க்கும் நெட்ஃபில்டர் என்ற ஃபயர்வால் அமைப்பு லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர் 1998இல் தொடங்கிய வேலை அது. 2001இல் வந்த கெர்னல் 2.4 முதல் ஐபிடேபிள்ஸ் என்ற கருவியால் அதற்கு விதி எழுதினார்கள். 2014இல் என்எஃப்டேபிள்ஸ் வந்து சேர்ந்தது. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். ஒரு விதி பொருந்தி அனுமதித்தோ மறுத்தோ முடிவு சொல்லிவிட்டால், அந்தப் பட்டியலில் கீழே உள்ளவற்றுக்கு வேலை இல்லை. எதுவுமே பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று கடைசியில் ஒரு பொதுக்கொள்கை இருக்கும்.

அந்தக் கடைசிக் கொள்கையில்தான் தத்துவம் இருக்கிறது. ஐபிடேபிள்ஸில் யாரும் எதையும் எழுதாமல் விட்டால் பொதுக்கொள்கை 'அனுமதி'. அதை 'மறுப்பு' என்று மாற்றி, தேவையான ஒன்றிரண்டு வாசல்களை மட்டும் திறப்பது பொறுப்பான நிர்வாகியின் முதல் வேலை. உபுண்டுவில் கிடைக்கும் யூஎஃப்டபிள்யூ என்ற எளிய கருவியை இயக்கினால் உள்ளே வருவதை மறுக்கும், வெளியே போவதை விடும். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியே வேலை செய்பவர் அதற்கான வாசலாகிய 22ஆம் போர்ட்டைத் திறப்பதற்கு முன்னால் மறுப்பை இயக்கினால், தானே வெளியே நிற்க வேண்டியதுதான். ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்று ஒரு கருவி உண்டு. புதிய விதிகளைப் போட்டதும், புதிதாக இணைய முடிகிறதா என்று அது கேட்கும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் பழைய விதிகளுக்கே திரும்பிவிடும்.

1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினித் தகவல் பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரையில் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார்கள். யாரை விலக்குவது என்று பட்டியல் போடாதே, யாரை அனுமதிப்பது என்று பட்டியல் போடு என்பது அதன் சாரம். விலக்கும் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஆபத்து சத்தமில்லாமல் உள்ளே வரும். அனுமதிக்கும் பட்டியலில் விட்டுப்போனால், வர முடியாதவர் உடனே வந்து கேட்பார், தவறு தெரிந்துவிடும்.

பொறியியலாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனசாட்சிக்கு மட்டும் ஓர் உறுத்தல் உண்டு. தெரியாதவர் எல்லோரையும் சந்தேகிப்பது எப்படி அறமாகும்? வந்தவரைச் சோறு போட்டு அனுப்புவதைப் பெருமையாகக் கருதும் ஊர்கள் இவை. திருக்குறளின் அறத்துப்பாலில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் இருக்கிறது. விருந்தினர் யார், எவர் என்று அங்கே விசாரணை இல்லை. அதே நூலின் பொருட்பாலில், 51ஆம் அதிகாரமான தெரிந்துதெளிதலில், ஆராயாமல் எவரையும் நம்பாதே என்கிறார் வள்ளுவர். ஒரே புலவர், ஒரே நூல், இரண்டு வேறு கட்டளைகள்.

இதில் முரண் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இரண்டு அதிகாரங்களும் நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். முதலாவது இல்லறவியலில் வருகிறது, இரண்டாவது அரசியலில். வீட்டுக்காரர் அந்நியருக்குக் கதவைத் திறக்கும்போது பணயம் வைப்பது தன் சோற்றை, தன் திண்ணையை, தன் பாதுகாப்பை. அரசன் ஆராயாமல் ஒருவரை அதிகாரத்தில் அமர்த்தினால் பணயம் வைப்பது குடிமக்களை. தன் இழப்பில் நம்புவது தாராளம். அதைத் தடுக்க எந்த அறத்துக்கும் உரிமை இல்லை. பிறர் இழப்பில் நம்புவது அப்படிப்பட்டதல்ல. அங்கே ஆராய்ச்சி கடமையாகிவிடுகிறது.

அச்சகத்தின் சர்வருக்குள் முதலாளியின் கணக்கு மட்டுமா இருக்கிறது? வேலை செய்பவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, பிஎஃப், இஎஸ்ஐ விவரங்கள், சம்பளப் பட்டியல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. "எதற்கு வம்பு, எல்லா போர்ட்டையும் திறந்து வை, சாஃப்ட்வேர் ஓடினால் சரி" என்று ஒருவர் சொல்லும்போது அவர் தாராளம் காட்டுவது அந்தத் தொழிலாளர்களின் கணக்கில். உள்குத்தகைக்கு அறைகளைத் தந்தவரும் இப்படித்தான், வேறு யாருடைய உயிரையோ நம்பி ஒரு வியாபாரத்தை முடித்தார். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு வெடிமருந்து என்று வரம்பு உண்டு. அறைகளுக்கு நடுவே இடைவெளியும் விதிக்கப்பட்டிருக்கிறது. அனுமதிக்கப்பட்டவை இவை மட்டுமே, மற்றதெல்லாம் மறுப்பு என்ற அதே அமைப்புதான். ஓர் அறையில் நேரும் தவறு பக்கத்து அறைக்காரரைக் கொல்லக்கூடாது என்பதற்காக வந்த விதிகள் அவை.

ஆராய்ந்து நம்பிவிட்டால் அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலர் ஒரு செய்தியை வெளியிட்டார். அநேகமாக எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ள வாசல் புதைக்கப்பட்டிருந்தது. ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, நன்றி பெற்று, பராமரிப்பாளர் பொறுப்பையும் பெற்ற ஒருவரின் வேலை அது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. ஃப்ராய்ண்டுக்குத் துப்புக் கொடுத்தது எஸ்எஸ்ஹெச் உள்நுழைவில் ஏற்பட்ட ஏறக்குறைய அரை நொடித் தாமதம். இந்த நிரல் உள்ளே வருவதை எந்த ஃபயர்வாலும் தடுத்திருக்காது. நிரல் முறையான வழியில், முறையான கையொப்பத்தோடு, அனுமதிக்கப்பட்ட வாசல் வழியாகவே உள்ளே வந்தது.

தெளிந்தபின் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று அதே 51ஆம் அதிகாரம் முடிகிறது. எக்ஸ்இசட் கதையைப் படித்த எவருக்கும் இது பெரும் சிக்கலாகத் தோன்றும். பதில் அடுத்த அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. பொறுப்பில் அமர்த்தியவரின் செயலை மன்னன் நாள்தோறும் பார்க்க வேண்டும் என்கிறது 520ஆம் குறள். ஆளைச் சந்தேகிக்காமல் வேலையைப் பார்ப்பது என்று ஒரு வழி உண்டு. கணினியில் நடந்தவை பதிவாகும் லாகைத் தினமும் படிக்கும் நிர்வாகி யாரையும் அவமதிப்பதில்லை. ஃப்ராய்ண்டும் எவரையும் சந்தேகித்துத் தொடங்கவில்லை. எண் ஒத்துவரவில்லை என்பதைத்தான் விடாமல் துரத்தினார்.

இனி ப்ராக்ஸி. ஃபயர்வால் பாக்கெட்டை விடுகிறது அல்லது மறுக்கிறது. ப்ராக்ஸி அதற்கும் மேலே போய், உள்ளே இருப்பவருக்குப் பதிலாகத் தானே வெளியே சென்று கேட்டு வாங்கிவந்து தருகிறது. லினக்ஸில் இதற்குப் பரவலாக நிறுவப்படுவது ஸ்க்விட். 1996இலிருந்து புழக்கத்தில் இருக்கும் நிரல், வழக்கமான போர்ட் 3128. யார் எந்தத் தளத்தைக் கேட்கலாம் என்று விதி எழுதலாம். அடிக்கடி கேட்கப்படுவதைச் சேமித்து வைக்கும். ஒவ்வொரு வேண்டுதலையும் லாகில் எழுதும்.

வெளியே இருக்கும் சர்வருக்கு ப்ராக்ஸியின் முகவரிதான் தெரியும். ஆனால் ஸ்க்விடை மாற்றாமல் விட்டால், சாதாரண எச்டிடிபி வேண்டுதலோடு 'நான் இன்ன முகவரிக்காகக் கேட்கிறேன்' என்று ஒரு வரியையும் சேர்த்தே அனுப்பும். அந்த வரியை நீக்கச் சொல்லியும் அமைக்கலாம். பிரதிநிதித்துவத்தின் முழுச் சிக்கலும் அந்த ஓர் அமைப்பில் இருக்கிறது: யாருக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிப் பேசுவது ஒன்று, அதை மறைத்துப் பேசுவது இன்னொன்று.

சொல்லிப் பேசும் பிரதிநிதிக்கு ஒரு முன்மாதிரி பக்கத்திலேயே உண்டு. இதே விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர். அவளைக் கொண்டாடும் வைணவ மரபில் புருஷகாரம் என்று ஒரு கருத்து உண்டு. அடியாருக்காகத் தாயார் பெருமாளிடம் பரிந்து பேசுகிறாள். பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசன பூஷணத்தின் தொடக்கத்திலேயே இதை எடுத்துப் பேசுகிறார். அந்தப் பரிந்துரையில் ஒளிவுமறைவு கிடையாது. யாருக்காகக் கேட்கப்படுகிறது, அவருடைய குற்றம் என்ன என்பதெல்லாம் கேட்பவளுக்கும் தெரியும், கேட்கப்படுபவனுக்கும் தெரியும். நடுவில் ஒருவர் நிற்பதால் இருபுறமும் நெருங்குகின்றன. உள்குத்தகையில் நடந்தது இதற்கு நேர்மாறு. நடுவில் ஒவ்வொருவர் வந்து நிற்க நிற்க, உரிமம் வாங்கியவருக்கும் அறையில் உட்கார்ந்து மருந்து செலுத்திய பெண்ணுக்கும் இடையிலிருந்த தூரம் கூடிக்கொண்டே போனது. அவள் பெயர் அவருக்குத் தெரியாது. அவர் பெயர் அவளுக்குத் தெரியாது.

அப்படியானால் மறைப்பதெல்லாம் பாவமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஓர் ஆலையில் வரம்பை மீறி ஆட்களை உட்காரவைக்கிறார்கள் என்று புகார் அனுப்பும் தொழிலாளிக்கு முகவரியை மறைக்கும் ப்ராக்ஸி கவசம். முகவரியை மறைத்து இணையத்தில் உலவ உதவும், தன்னார்வலர்களால் நடத்தப்படும் டார் வலையமைப்பு இத்தகையவர்களுக்கும் பயன்படுகிறது. மறைப்பு யாரைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். வலிமை குறைந்தவர் வலிமை மிகுந்தவரிடமிருந்து மறைந்துகொள்வது ஒரு வகை. லாபத்தை வாங்கிக்கொண்டு பொறுப்பிலிருந்து மறைந்துகொள்வது முற்றிலும் வேறு வகை. கருவி ஒன்றே என்பதால் இரண்டையும் சமமாகப் பேசுவது நியாயமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ப்ராக்ஸியின் லாக் எப்போதும் கீழே உள்ளவரையே பார்க்கிறது. எச்டிடிபிஎஸ் தளங்களுக்குப் போகும்போது ஸ்க்விடுக்குத் தளத்தின் பெயர் மட்டும் தெரியும், உள்ளே பேசுவது தெரியாது. ஆனால் அலுவலகக் கணினிகளில் தன் சான்றிதழை நிறுவிவிட்டால் அதையும் பிரித்துப் படிக்க வழி உண்டு. வேலை செய்பவரின் வங்கிப் பக்கமும் மருத்துவமனைக் கடிதமும் நிர்வாகியின் கண்ணில் படும். சொல்லாமல் அதைச் செய்வது தவறு. வசதியாக இருக்கிறது என்பது காரணமாகாது. பாதுகாப்பு என்ற பெயரில் காவலர் கையில் சேரும் அதிகாரத்துக்கும் அதே ஆராய்ச்சி வேண்டும். நாள்தோறும் பார்க்கச் சொன்னது வினை செய்பவரின் வினையை. அவருடைய அந்தரங்கத்தை அல்ல.

ஃபயர்வால் மறுக்கும் விதத்திலும் பேதம் உண்டு. டிராப் என்றால் பதில் சொல்லாமல் விட்டுவிடுவது. ரிஜெக்ட் என்றால் இல்லை என்று சொல்லி அனுப்புவது. வெளியிலிருந்து வாசலைத் தட்டிப்பார்ப்பவர்களுக்கு மௌனம் போதும். உள்ளே இருப்பவர்களுக்கு ரிஜெக்ட்தான் மரியாதை. காரணம் தெரியாமல் ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக் காத்திருக்கும்படி யாரையும் விடக்கூடாது.

ஐபிடேபிள்ஸிலும் என்எஃப்டேபிள்ஸிலும் ஒவ்வொரு விதியோடும் ஒரு குறிப்பு எழுத இடம் உண்டு. அதைக் காலியாக விடுபவர்கள் உண்டு. இந்த வாசலைத் திறக்கச் சொன்னது யார், எதற்காக, எந்தத் தேதிவரை என்று அதில் எழுதலாம். விதிப்பட்டியலைப் பார்க்க ரூட் என்ற நிர்வாகி அனுமதி வேண்டும் என்பதால், கணினியில் வேலை செய்பவர் அதைப் படிக்க வழியில்லை. எனவே எவை தடுக்கப்படுகின்றன, எவை பதிவாகின்றன, அந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும், தவறாகத் தடுக்கப்பட்டால் யாரைக் கேட்பது என்று ஒரு பக்க அளவில் தமிழில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டலாம். பட்டாசு அறை ஒவ்வொன்றிலும் ஆள் வரம்பும் மருந்து வரம்பும் எழுதியிருக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்த எழுத்தின் கீழே இன்று இந்த அறையை நடத்துபவர் யார் என்ற பெயரும் இருக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டால், அதை மறுக்க எந்த உரிமதாரருக்கும் நியாயமான காரணம் இருக்காது.