நம்பாடுவானும் பிரம்மராட்சதனும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தேவர் என்றும் அசுரர் என்றும் இரு கூட்டத்தார் ஆதி முதலே பகைத்து நிற்பதாகப் புராணம் கேட்போர்க்குத் தோன்றும். நம் ஸம்ப்ரதாயத்தில் அந்த எல்லைக்கோடு கல்லில் வெட்டியதன்று. வைகுந்தத்து வாயில் காத்த ஜயவிஜயர்களே சாபத்தால் இரணியாட்சனும் இரணியனுமாயினர், இராவணனும் கும்பகர்ணனுமாயினர், சிசுபாலனும் தந்தவக்த்ரனுமாயினர், பின்பு தங்கள் வாயிலுக்கே மீண்டனர். இரணியன் மாளிகையில் பிரகலாதன் பிறந்தான். இலங்கை அரக்கன் தம்பியைக் கொள்ளலாகாது என்று சுக்ரீவன் தடுத்தபோதும், நண்பன் என்று வந்தவனை எவ்வகையாலும் கைவிடேன் என்று சக்ரவர்த்தித் திருமகன் அறுதியிட்டான். ஆயின் இவை யாவும் எம்பெருமானுக்கும் அசுரனுக்கும் உள்ள உறவைச் சொல்லுபவை. ஓர் அடியானுக்கும் ஓர் அரக்கனுக்கும் நடுவே நட்பு விளைந்த இடத்தைக் காண வேண்டுமாயின் திருக்குறுங்குடிக்குத்தான் செல்ல வேண்டும்.

தாமிரபரணி மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் பாபநாசத்தை ஒட்டியது நம் விக்கிரமசிங்கபுரம். இங்கிருந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, களக்காடு என்று தெற்கே செல்லும் வழி நெடுகிலும் மலைத்தொடர் மேற்கே உடன் வரும். அத்தொடரில் மகேந்திரகிரி தெரியத் தொடங்கும் இடத்தில் திருக்குறுங்குடி. இன்று ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையத்தின் பேராகவே மகேந்திரகிரியைப் பலரும் அறிவர். நமக்கோ அது நம்பாடுவானின் மலை. நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என ஐந்து திருக்கோலங்களில் எம்பெருமான் இங்கே எழுந்தருளியிருக்கிறான். நம்மாழ்வார் ஐந்தாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியிலும், திருமங்கை மன்னன் பெரிய திருமொழி ஒன்பதாம் பத்தின் ஐந்து, ஆறாம் திருமொழிகளிலும் இவனைப் பாடினார்கள். எம்பெருமானாரிடம் சிஷ்யனாக அமர்ந்து அர்த்தம் கேட்டு, வைஷ்ணவ நம்பி என்று பெயர் பெற்றவனும் இவனே. எனவே அடியாரிடம் தாழ்ந்து கேட்பது இவ்வூர்ப் பெருமாளுக்குப் பழக்கமானது.

கைசிக மாஹாத்மியம் வராஹ புராணத்தில் உள்ளது. தன் மக்களாகிய ஸம்ஸாரிகள் எளிதில் உய்யும் வழி யாது என்று பூமிப்பிராட்டி கேட்க, வராஹ நாயனார் பாட்டின் பெருமையைச் சொல்லி, அதற்குச் சான்றாக இச்சரிதத்தை அருளிச்செய்தார். இதற்குப் பராசர பட்டர் மணிப்ரவாளத்தில் வியாக்யானம் அருளினார். சரிதம் நம் வாசகர்கள் அனைவரும் அறிந்ததே. ஆயினும் உபந்யாஸங்களில் பிரம்மராட்சதன் பெரும்பாலும் கோரைப்பல்லும் உருட்டு விழியுமாக, சிறுவர்களை மிரட்டவும் பெரியவர்களைச் சிரிக்க வைக்கவும் வந்து போகிறான். அவன் பக்கமிருந்தும் இக்கதையைச் சற்றே பார்க்க வேண்டும் என்பது நம் விண்ணப்பம்.

நம்பாடுவான் பிறப்பால் ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர். இரவுதோறும் வீணையும் கையுமாக வந்து, கோயிலுக்கு வெளியே நின்று, நம்பியைப் பாடித் திருப்பள்ளி உணர்த்துவதே அவர் கொண்ட ஜாகர விரதம். கார்த்திகை மாதத்துச் சுக்லபட்ச துவாதசி இரவில் அவ்வாறு வரும்போது, நெடும்பசியோடிருந்த ஒரு பிரம்மராட்சதன் அவரைப் பிடித்துக்கொண்டான். உயிர்ப்பிச்சை கேட்கவில்லை நம்பாடுவான். அவர் கேட்டது தவணை மட்டுமே: பாடி முடித்துத் திரும்பி வருகிறேன், பிறகு உண்டுகொள் என்றார்.

ராட்சதன் நம்ப மறுத்தான். மறுப்பதுதானே இயல்பு? கையில் சிக்கிய இரை காட்டுவழியே போய்விட்டுத் தானே திரும்பும் என்று எவன் நம்புவான்? வங்கியில் கடன் பத்திரங்களோடு பல்லாண்டு பழகியதால் இவ்விடத்தில் நமக்கு ராட்சதன் பேரில் குற்றம் காணத் தோன்றுவதில்லை. ஈடாக வைக்கப் பொருள் இல்லை, பிணை நிற்க ஆள் இல்லை. அந்நிலையில் நம்பாடுவான் சத்தியத்தை ஈடாக வைத்தார். திரும்பி வாராவிடில் இன்ன பாவம் செய்தவன் போகும் கதியில் போவேன் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினெட்டுச் சபதங்கள் செய்தார். ஒரே பந்தியில் இருப்போர்க்கு வேறுபாடு காட்டி உணவிடுபவன், ஒருவர் இட்ட சோற்றை உண்டு அவரையே இகழ்பவன், நிலத்தைத் தானம் கொடுத்துத் திரும்பப் பறிப்பவன், தாகத்தோடு நீருக்கு வரும் பசுக்களைத் தடுப்பவன் என்று அப்பட்டியல் நீள்கிறது. வீடும் தெருவும் வயலும் சார்ந்த பாவங்களே அதில் மிகுதி.

எந்தச் சபதத்துக்கும் ராட்சதன் பிடி தளரவில்லை. இறுதியில், எல்லார்க்கும் உயிராய் நிற்கும் நாராயணனைப் பிற தெய்வங்களோடு ஒக்க எண்ணுபவன் கதியை அடைவேன் என்று நம்பாடுவான் சொன்னார். அக்கணமே விட்டுவிட்டான், வணங்கியும் அனுப்பினான்.

இங்கேதான் நாம் நிற்க வேண்டும். அச்சபதத்தின் கனம் வெறும் அரக்கனுக்குத் தெரிந்திராது. அவன் முற்பிறவியில் சரக கோத்திரத்து ஸோமசர்மா என்னும் அந்தணன். அந்த ஞானத்தின் மிச்சம் எங்கோ உள்ளே கிடந்தது. சொல்லைக் கேட்டதும் விழித்துக்கொண்டது. நம்பாடுவானின் வாய்மையைப் புகழும் நாம், அவ்வாய்மையைப் பசி வயிற்றோடு நம்பிய அவனது துணிவைப் புகழ மறந்துவிடுகிறோம். நட்பு தொடங்கியது அவ்விடத்தில்தான் என்பது நம் எண்ணம். ஒருவன் சொல் கொடுத்தான். மற்றவன் அதை வாங்கிக்கொண்டு இருளில் காத்திருந்தான்.

நம்பாடுவான் நம்பி ஸந்நிதி முன் சென்று பாடினார். அன்று அவர் கண்ணுக்குப் பெருமாளை மறைத்து நின்ற கொடிமரம் விலகிக் கொடுத்தது என்பது ஊர் வழக்கு. இன்றும் கொடிமரம் நேர்வரியிலிருந்து விலகி நிற்பதைச் சேவிக்கலாம். இவ்வளவு கிடைத்த பிறகு வேறொருவராயின் அங்கேயே தங்கியிருப்பார். அவரோ வந்ததைவிட வேகமாகத் திரும்பினார்.

வழியில் ஒரு புருஷன் எதிர்ப்பட்டு, எங்கே போகிறாய், அங்கே பிரம்மராட்சதன் இருக்கிறான், போகாதே என்றான். உயிருக்கு ஆபத்து நேருமிடத்தில் சொன்ன சொல்லைத் தவறுதல் குற்றமாகாது என்று சாஸ்திர நியாயமும் கூறினான். வந்தவன் எம்பெருமானே. தான் விதித்த சாஸ்திரத்தின் சலுகையைத் தானே வந்து நீட்டுகிறான்! நம்பாடுவான் அதை ஏற்கவில்லை. சத்தியத்தை விட்டு உயிர் வைத்திருக்க மாட்டேன் என்று நடந்தார். பகைவனிடம் பொய் சொல்ல அந்த நியாயம் இடம் கொடுக்கலாம். நம்பிக் காத்திருப்பவன் பகைவனா என்பதே நம்பாடுவான் முன் நின்ற கேள்வி. அவர் கால்கள் விடை சொல்லிவிட்டன.

திரும்பி வந்தவரைக் கண்டு ராட்சதன் உருகினான். பசி ஒருபுறம் போயிற்று. இன்றிரவு பாடிய பாட்டின் பலனைக் கொடு, உன்னை விட்டுவிடுகிறேன் என்றான். நம்பாடுவான் மறுத்தார். பாதிப் பலன் கொடு என்றான்; மறுத்தார். ஒரு யாமத்துப் பலன் என்றான், அதற்கும் இசையவில்லை. உண்பதாகச் சொன்னாய், உண்டு முடி என்பதே அவர் விடை. பரமகாருணிகரான ஒரு பாகவதர், உய்ய விரும்பும் ஒருவனுக்கு இத்தனை கடினமாக ஏன் நின்றார் என்ற ஐயம் நம் வாசகர் சிலருக்கு எழுந்ததுண்டு. அது நியாயமான ஐயம்.

நமக்குத் தோன்றும் விடை இது. ராட்சதன் முதலில் கேட்டது விலை. உயிரை நீ வைத்துக்கொள், பாட்டை என்னிடம் தா என்பது கொடுக்கல் வாங்கல். பாட்டோ பயன் கருதிப் பாடப்பட்டதன்று. நம்பி செவிசாய்த்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு பலனே இல்லை. அதைக் கொடுத்து உயிரை மீட்டால், பெருமாள் திருச்செவிக்கு உரியது சந்தைச் சரக்காகிவிடும். அன்றியும் பேரத்தால் பெறுபவன் பெற்றுக்கொண்டு போய்விடுவான், மாற மாட்டான். எனவே நம்பாடுவானின் மறுப்பும் அவன்பால் கொண்ட பரிவே.

பிறகுதான் ராட்சதன் தன் கதையைச் சொன்னான். பொருளாசையால் மந்திரமும் முறையும் பிறழ வேள்வி செய்யத் தொடங்கி, அது முடியுமுன்னே வயிற்று நோயால் மாண்டு, இவ்வுருவம் எடுத்தேன். உன்னையன்றி எனக்குப் போக்கிடம் இல்லை என்று காலில் விழுந்தான். யாரிடமும் சொல்ல இயலாத தன் இழிவை ஒருவனிடம் மட்டும் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால், அவனை நண்பன் என்றல்லாமல் வேறு எப்படி அழைப்பது? வேதம் ஓதியவன் சரணம் புகுந்தது, வேதம் ஓத இடமில்லாத குலத்தில் பிறந்தவரிடம். அப்போது நம்பாடுவான் இசைந்தார். இறுதியாகப் பாடிய கைசிகப் பண்ணின், இக்காலத்தார் பைரவி இராகத்தோடு ஒப்பிடும் பண்ணின், ஒரு பாட்டுப் பலனை அளித்தார். ராட்சத உருவம் நீங்கிற்று. ஸோமசர்மா நற்குலத்தில் பிறந்து பாகவதனாய் வாழ்ந்து மோட்சம் பெற்றான். நம்பாடுவானும் நெடுநாள் பாடித் திருநாடு அடைந்தார்.

முழுப் பலன், பாதிப் பலன், ஒரு யாமம் என்று கேட்டவனுக்கு ஒரு பாட்டே போதுமாயிருந்தது. கொடுத்தவர்க்கும் எதுவும் குறைந்ததாகப் புராணம் சொல்லவில்லை. கணக்கேட்டில் இதற்கு எதிர்ப்பதிவு போட வழியில்லை.

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில், பிறப்பு பாகவதப் பெருமைக்குத் தடையன்று என்று நிலைநாட்டும் இடத்தில், சக்ரவர்த்தித் திருமகனோடு தோழமை கொண்ட குகப்பெருமாளையும், பாட்டாலே அந்தணன் வேள்விக் குறையைத் தீர்த்த இவரையும் நினைக்கிறார். மூன்றாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியில் ஆழ்வாரும், நாற்குலத்துக்கும் கீழே தள்ளப்பட்டவராயினும் எம்பெருமானுக்கு ஆட்பட்டோர் தமக்கு ஸ்வாமிகள் என்று அறுதியிட்டார். அப்பாசுரத்தை ஸேவாகாலத்தில் வாயாரச் சேவித்துவிட்டு, கோயில் மதிலுக்கு வெளியே வந்ததும் குலம் விசாரிப்போர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்களைக் காட்டிலும் பிரம்மராட்சதனுக்குத் தெளிவு அதிகம் இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறோம்.

பெருமாள் இட்ட பெயரையும் நோக்க வேண்டும். நம்பெருமாள், நம்மாழ்வார், நஞ்சீயர், நம்பிள்ளை என்ற வரிசையில் வரும் அந்த 'நம்' இவர்க்கும் கிடைத்தது. கோயிலுக்கு வெளியே நின்றவரை உள்ளே இருப்பவன் 'நம் பாடுவான்' என்றான்.

திருவரங்கத்தில் கைசிக துவாதசியன்று நம்பெருமாள் திருமுன்பே இப்புராணம் வாசிக்கப்படுகிறது. பட்டர் அவ்வாறு வாசித்த நாளில் பெருமாள் உகந்து அவர்க்கு மேல்வீடு தந்தருளினார் என்பது குருபரம்பரை வரலாறு. திருக்குறுங்குடியில் இச்சரிதம் நாடகமாகவும் நடிக்கப்பட்டு வந்தது. இடையில் நலிந்துபோன அக்கைசிக நாடகத்தை, நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் 1999 முதல் மீட்டெடுத்தனர். கைசிக ஏகாதசி இரவில் அது கோயிலிலேயே நடைபெறுகிறது. ராட்சதனாக வருபவர் காத்திருக்கும் காட்சியைக் காண வாய்ப்புள்ளவர்கள் தவறவிட வேண்டாம்.

அயல்நாடுகளில் இருந்து வர இயலாத அடியார்கள் அன்றிரவோ துவாதசி விடியற்காலையிலோ இல்லத்திலேயே கைசிக மாஹாத்மியத்தைப் பட்டர் வியாக்யானத்தோடு வாசிக்கலாம். பொழுது போதாவிடில் சபதங்கள் வரும் பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பிரம்மராட்சதன் பேசும் இடங்களை மட்டும் விரைந்து கடவாமல், அவனுக்கும் ஒரு குரல் உண்டு என்று வாசிக்க வேண்டுகிறோம்.

அடியோங்கள்.