எடை எங்கே போயிற்று?

தில்லி இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தில், பெட்டிகளை ஒப்படைக்கும் இடத்தில் எடைமேடை ஒன்று உண்டு. கோயில் தராசில் துலாபாரத்துக்கு அமர்பவரைக்கூட அவ்வளவு கவலையோடு காண முடியாது. அந்த எடைமேடையின் முன் நிற்கும் பயணிகளின் முகத்தில் அத்தனை பதற்றம்! சிக்கன விமானத்தில் அனுமதிக்கப்படும் எடை பெரும்பாலும் 15 கிலோ. எண் 16-ஐத் தாண்டினால் பெட்டி அங்கேயே தரையில் திறக்கப்படுகிறது. கனத்த கம்பளிச் சட்டை வெளியே வந்து உடம்பில் ஏறுகிறது. இரண்டு புத்தகங்கள் கைப்பைக்குப் போகின்றன. ஊறுகாய் பாட்டில் உடன் வரும் நண்பரின் பெட்டிக்குள் நுழைகிறது. மறுபடி எடை பார்க்கும்போது எண் சரியாக இருக்கிறது, முகம் மலர்கிறது.

ஆனால் குறைந்த அந்த எடை எங்கே போயிற்று? அது அழிந்துவிடவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். சிறியதாகத் தோன்றும் இந்த நிகழ்ச்சிக்குள் பெரியதொரு தர்ம விசாரணை அடங்கியிருக்கிறது. ஒருவனுடைய சுமை குறைந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? அவன் கை லேசானபோதா, அல்லது அந்த எடையை வேறு யாரும் சுமக்கவில்லை என்றானபோதா?

எடைக்கு ஒரு விலை

விமானப் பயணம் ஒரு காலத்தில் செல்வந்தர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான் 2003-ஆம் ஆண்டில் பறக்கத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து 2005-இல் ஸ்பைஸ்ஜெட்டும் 2006-இல் இண்டிகோவும் வந்தன. சாதாரணக் குடும்பங்களும் விமானம் ஏறும் காலம் பிறந்தது. தில்லியில் வேலை பார்க்கும் தமிழர், ஊரில் தாய்க்கு உடல்நலமில்லை என்று தெரிந்தால், அன்று மாலையே சென்னையில் இருக்க முடிகிறது. இது உண்மையில் பெரிய நன்மை.

இந்த நன்மையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. இரயிலில் படுக்கை வசதி வகுப்பில் செல்பவர் 40 கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லி திரும்பும் குடும்பங்கள் அரிசி, வடகம், நல்லெண்ணெய், காப்பிப்பொடி என்று ஒரு சிறிய மளிகைக் கடையையே இருக்கைக்கு அடியில் அடுக்கிவைத்துக்கொண்டு வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். விமானத்தில் அது நடவாது. பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ என்பது உள்நாட்டுப் பயணத்தில் பொதுவான வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு கிலோவுக்கும் பணம்.

இந்த வரம்பை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏறத்தாழ 180 பேர் அமரும் ஒரு விமானத்தில் ஆளுக்கு ஒரு கிலோ கூடினால் 180 கிலோ கூடுகிறது. அதை வானில் ஏற்ற எரிபொருள் எரிகிறது. ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பல நிறுவனங்கள் விதித்திருப்பதன் காரணம் அதைவிட முக்கியமானது. பணம் கட்டினாலும் அந்த ஒற்றைப் பெட்டியை அவை ஏற்பதில்லை. ஏனெனில் அதை ஒரு மனிதன் தூக்க வேண்டும். விமானத்தின் அடிவயிற்றில் குனிந்தபடி பெட்டிகளை அடுக்கும் தொழிலாளியின் முதுகெலும்பைக் காப்பதற்காக ஏற்பட்ட வரம்பு அது. பயணி அவரைப் பார்ப்பதேயில்லை. ஆயினும் பயணியின் ஆசை ஒவ்வொன்றும் அவருடைய முதுகில்தான் இறங்குகிறது.

யமமா, நியமமா?

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் அஹிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மசரியம், அபரிக்கிரகம் என்ற ஐந்தையும் ‘யமம்’ என்று தொகுத்தார். தூய்மை, சந்தோஷம், தவம் முதலியவற்றை ‘நியமம்’ என்று தனியே வைத்தார். பொதுவாக, யமம் என்பது ஒருவன் பிற உயிர்களோடு நடந்துகொள்ள வேண்டிய முறை. நியமம் என்பது அவன் தன்னைத்தானே பண்படுத்திக்கொள்ளும் முறை.

‘தேவைக்கு மேல் சேர்க்காமை’ என்ற அபரிக்கிரகம் எந்த வரிசையில் இடம்பெறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது மன நிறைவோடு சேர்ந்து நியமத்தில் இருக்கும் என்றே பலரும் எதிர்பார்ப்பர். ஆனால் முனிவர் அதை அஹிம்சையோடும் களவாமையோடும் ஒரே பந்தியில் அமர்த்தினார். குறைவாக வைத்துக்கொள்வது ஒருவனுடைய மன நிம்மதிக்கான வழி மட்டுமன்று. அது பிறருக்குச் செய்ய வேண்டிய கடமை. இதற்கு உரை கண்ட வியாசர், பொருள்களைத் தேடுவதிலும் காப்பதிலும் இழப்பதிலும் பற்று வைப்பதிலும் உள்ள குற்றங்களைக் கூறி, கடைசியாக ஹிம்சையையும் சேர்த்தார். பொருள் சேர்ப்பதில் எங்கோ ஓர் உயிர் வருந்துகிறது என்பது அவர் கண்ட உண்மை.

இந்த நோக்கில் பார்த்தால், தன் பையை லேசாக்குவதற்காக நண்பனின் பையைக் கனமாக்குபவன் அபரிக்கிரகத்தின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டான். ‘நான் எதுவுமே எடுத்து வருவதில்லை, ஒரு தோள்பைதான்’ என்று பெருமை பேசிவிட்டு, போன இடத்தில் துண்டு, சோப்பு, போர்வை, கைப்பேசி மின்னூட்டி என்று ஒவ்வொன்றையும் நண்பனிடம் கேட்பவனும் அப்படித்தான். அவனுடைய எளிமைக்குச் சுமைகூலி கொடுப்பவன் நண்பன். கேளாமலே எடுத்துப் பயன்படுத்தினாலோ, அபரிக்கிரகத்தின் பெயரால் அஸ்தேயம் என்ற யமமும் உடைகிறது.

எட்டுப் பொருள்கள்

பௌத்தத் துறவி வைத்துக்கொள்ளத்தக்க பொருள்கள் என்று மரபு எட்டைக் குறிப்பிடுகிறது: மூன்று ஆடைகள், பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி. எல்லாவற்றையும் துறந்தவருக்கு ஊசி எதற்கு? கிழிந்ததைத் தைத்து உடுத்தினால் புதிய ஆடைக்காக இல்லறத்தாரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. நீர் வடிகட்டி எதற்கு? நீரில் இருக்கும் சிற்றுயிர்கள் மாளாதிருப்பதற்காக.

எட்டே பொருள்கள் கொண்ட மூட்டையில் இரண்டு இவ்வாறு பிறரை எண்ணி வைக்கப்பட்டவை! எதை விட வேண்டும் என்பதோடு எதை விடக் கூடாது என்பதையும் அந்த மரபு அறிந்திருந்தது. தனக்கு வேண்டிய மருந்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து, நள்ளிரவில் அறிமுகமில்லாத ஊரில் நண்பனை மருந்துக்கடை தேடி அலையவைப்பவனை ‘லேசாகப் பயணம் செய்பவன்’ என்று புகழ முடியுமா? அந்த மாத்திரைப் பட்டையின் எடை சில கிராம்கள். அதை விட்டு வந்ததால் நண்பன் மீது ஏறிய எடையோ ஓர் இரவு.

நண்பர் தந்த டிபன் பெட்டி

1901-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாக் காங்கிரஸுக்கு வந்திருந்த காந்தியடிகள், அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம் கோபால கிருஷ்ண கோகலேயுடன் தங்கினார். 1902-இல் அங்கிருந்து இராஜ்கோட்டுக்குப் புறப்பட்டபோது, மூன்றாம் வகுப்பு மக்கள் படும் துன்பத்தை நேரில் அறிய விரும்பி அந்த வகுப்பிலேயே செல்லத் தீர்மானித்தார். கோகலே முதலில் கேலி செய்தார். காரணத்தைக் கேட்டதும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார்.

பன்னிரண்டு அணாவுக்கு ஒரு கித்தான் பை வாங்கப்பட்டது. அதில் ஒரு மேலங்கி, ஒரு வேட்டி, ஒரு சட்டை. போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. தண்ணீருக்கு ஒரு கூஜா. கோகலே தம் பங்காக ஓர் உலோக டிபன் பெட்டியைத் தந்து, அதில் இனிப்பு உருண்டைகளையும் பூரிகளையும் நிரப்பிக் கொடுத்தார். வர வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அவரும் விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராயும் இரயில் நிலையத்துக்கே வந்து வழியனுப்பினர். காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொரு நாள் தங்கிச் சென்ற அந்த நெடும் பயணத்துக்கு, இரயில் கட்டணம் உட்பட, 31 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் நினைவுகூர்ந்தார்.

இங்கே இரண்டு செய்திகள் சிந்திக்கத்தக்கவை. ஒன்று, அவர் பையைச் சுருக்கியது பெருமைக்காகவோ பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமோ அன்று. கோடிக்கணக்கானோர் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று அறிவதற்காக. மற்றொன்று, நண்பர் அன்போடு தந்த டிபன் பெட்டியை அவர் மறுக்கவில்லை. ‘நான் எளிமையானவன், எனக்கு எதுவும் வேண்டாம்’ என்று அன்பைத் திருப்பி அனுப்புவதும் ஒருவகை அகங்காரமே. பைக்குள் இடம் பிடிக்காத அந்த அகங்காரம், மனத்தில் பெரும் எடையாக அமர்ந்துவிடும்.

1947-இன் தில்லி

தேர்ந்துகொண்ட எளிமை ஒன்று; திணிக்கப்பட்ட வறுமை வேறு. 1947-இல் தேசப் பிரிவினையின்போது இலட்சக்கணக்கானோர் கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தனர். தில்லியில் புராணா கிலாவும் ஹுமாயூன் சமாதியும் அகதி முகாம்களாயின. அங்கே வந்து சேர்ந்தவர்களிடமும் மூட்டை சிறியதாகத்தான் இருந்தது. அதை அபரிக்கிரகம் என்று எவரேனும் சொல்வரா?

அந்த ஆண்டு செப்டம்பரில் தில்லி வந்த காந்தியடிகள் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் தங்க விரும்பினார். அங்கே அகதிகள் நிறைந்திருந்ததால் பிர்லா மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தம் வாழ்வின் கடைசி 144 நாட்களை அங்கே கழித்தார். இன்று காந்தி ஸ்மிருதி என்று அழைக்கப்படும் அந்த இல்லத்தில் அவர் வாழ்ந்த அறையைக் காண்பவர்கள், அவர் பயன்படுத்திய பொருள்கள் எவ்வளவு சில என்று வியப்பர். ஆனால் அந்த எளிய அறை ஒரு செல்வந்தரின் மாளிகைக்குள் இருந்தது. காந்தியை எளிமையில் வைத்திருக்க எவ்வளவு செலவாகிறது என்று சரோஜினி நாயுடு வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கூற்று வழங்கிவருகிறது. அந்த வேடிக்கையில் உண்மை இல்லாமலில்லை. எவருடைய எளிமையும் முழுவதும் அவருக்கே சொந்தமானதன்று. யாரோ சிலர் அதைத் தாங்குகிறார்கள்.

அப்படியானால் எளிமையால் என்ன பயன்? அதற்கும் அந்த 144 நாட்களே விடை தருகின்றன. குளிர்காலம் நெருங்கியபோது அவர் பிரார்த்தனைக் கூட்டங்களில் மக்களிடம் கம்பளிகளும் ரஜாய்களும் கேட்டார், முகாம்களில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்காக. தமக்கென்று கேட்பதற்கு எதுவும் இல்லாதவர் கேட்டதால், அந்தக் குரலில் யாரும் ஐயம் கொள்ள இடமில்லை. தன் சுமை குறைந்தவனுக்குப் பிறர் சுமையைத் தூக்கக் கை ஒழிகிறது. எளிமையின் பயன் அதுவே.

இருவர் செல்லும் பயணம்

ஆகவே நண்பர் இருவர் ஒன்றாகப் புறப்படும்போது, பெட்டியை எடுக்கும் முன் ஒரு முறை பேசிக்கொள்வது நல்லது. ஒரு பற்பசை இருவருக்கும் போதும். ஒருவர் முதலுதவி மருந்துகளை எடுத்துக்கொண்டால் மற்றவர் குடையை எடுத்துக்கொள்ளலாம். சேர்ந்து எண்ணிச் செய்யும்போது மொத்த எடை மெய்யாகவே குறைகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறுவதில்லை.

கூடுதலாக ஒரு பொருளை நண்பனின் பெட்டியில் வைக்க நேர்ந்தால், கேட்டு வைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். இது வெறும் நாகரிகமன்று. பெட்டியில் ஒட்டப்படும் சீட்டில் இருப்பது ஒருவர் பெயரே. ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாத பவர் பேங்க் உள்ளே இருந்தால், பாதுகாப்பு அதிகாரிகள் அழைத்துக் கேட்பது சீட்டில் பெயருள்ளவரைத்தான். ஒருவனுடைய அலட்சியத்துக்கு அவனை நம்பிய நண்பன் பதில் சொல்லும் நிலை வருகிறது. ஒன்றரை கிலோ ஊறுகாயைச் சுமப்பது எவருக்கும் பெரிதன்று. அறியாமலே பிறனுடைய பொறுப்பைச் சுமப்பதே கனமானது.

நட்பு என்றால் ஒருவரையொருவர் சுமப்பது இயல்புதானே என்று கேட்கலாம். ஆம், இயல்புதான். நண்பனுக்குக் கால் வலித்தால் அவன் பையையும் சேர்த்துத் தூக்குபவனே நண்பன். ஆனால் தூக்குகிறேன் என்று நீளும் கை வேறு. தூக்கிக்கொள்வான் என்று தள்ளிவிடும் கை வேறு. முன்னது நட்பை வளர்க்கிறது. பின்னது, ஒரு சொல்லும் வெளிப்படாமலே, அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

விமான நிலையத்தின் எடைமேடை பெட்டியை மட்டுமே அறியும். 15 என்று காட்டியதும் அதன் வேலை முடிந்தது. மனசாட்சி என்னும் துலாக்கோல் இன்னும் ஒரு கேள்வியைக் கேட்டே அமைதி அடையும்: ‘இதில் குறைந்தது யாரிடம் கூடியது?’ ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லக் கற்றவன், எத்தனை கிலோவுடன் சென்றாலும் லேசாகவே செல்கிறான்; அவனோடு செல்பவனும் அப்படியே.