மருத்துவம் பயிலாதவரின் தீர்ப்பு

ஒரு கலையைப் பயிலாதவர் அக்கலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்னும் கேள்வி தத்துவத்தில் மிகப் பழையது. பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் அப்பெயருடைய சொற்கலை ஆசிரியர், மருத்துவரான தம் உடன்பிறந்தாருடன் நோயாளிகளைக் காணச் சென்றதைப் பெருமையுடன் எடுத்துரைக்கிறார். மருந்துண்ணவோ கத்திக்கும் சூட்டுக்கும் உடலைக் கொடுக்கவோ மறுத்த நோயாளியை மருத்துவரால் இணங்கவைக்க இயலாதபோது, மருத்துவம் ஏதும் அறியாத தாம் பேச்சுத்திறன் ஒன்றாலேயே இணங்கவைத்ததாகவும், ஊர்ச்சபையில் மருத்துவப் பதவிக்கு மருத்துவரும் பேச்சாளரும் போட்டியிட்டால் பேச்சாளரே வெல்வார் என்றும் அவர் சொல்கிறார். சாக்ரடீஸுக்கு இது பெருமையாகப் படவில்லை. அறியாதவர் ஒருவர், அறியாதோர் கூட்டத்தின் முன், அறிந்தவரைவிட நம்பத்தக்கவராகத் தோன்றிவிடுவதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது என்று அவர் காட்டுகிறார். சட்டம் பயின்ற ஒருவர் மருத்துவத் துறைக்குள்ளும், வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குள்ளும், நூலாக்கத்திலும், பொதுமேடையிலும் கால்பதிக்கும்போது எதிர்கொள்ள வேண்டிய முதல் ஐயம் இதுவே. அதைத் தட்டிக்கழித்துவிட்டு அவருடைய பல்துறைத் திறமையை மட்டும் பாராட்டுவது அவருக்கும் நீதி செய்வதாகாது.

இந்தக் கேள்வியைத் தம் தொழில்வாழ்வு முழுவதும் சுமந்தவர்களில் முதன்மையாக எண்ணத்தக்கவர் பிரித்தானியச் சட்டப் பேராசிரியர் இயன் கென்னடி. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் சட்டம் கற்பித்த அவர், 1980இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். 1948இல் பெர்ட்ரண்ட் ரஸலைக் கொண்டு தொடங்கப்பட்ட இவ்வானொலி உரைவரிசை, ஒரு துறையின் ஆழ்ந்த சிந்தனையைப் பொதுமக்களின் செவிக்கு நேரே கொண்டுசெல்வதற்கென ஏற்பட்டது. கென்னடி எடுத்துக்கொண்ட பொருள் மருத்துவத்தின் அதிகாரம். மருத்துவத்தின் முகமூடியைக் களைவது என்னும் கருத்துடைய தலைப்பில் அமைந்த அவ்வுரைகள் மறு ஆண்டே நூலாயின. மருத்துவர் பலர் சினந்தனர். நோயாளியின் படுக்கையருகே ஓரிரவுகூட விழித்திராத ஒருவருக்கு இதைப் பேச என்ன தகுதி என்று கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

கென்னடியின் வாதம், மருத்துவர்களின் அறிவை மறுப்பதன்று. அவ்வறிவு எதுவரை செல்லும் என்று எல்லை காட்டுவது. அவர் தம் முதலுரையில் முன்வைத்த எடுத்துக்காட்டு இன்றும் வலிமை குன்றாதது. தன்பால் ஈர்ப்பு முன்பு மனநோய்ப் பட்டியலில் இருந்தது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதைப் பட்டியலிலிருந்து நீக்க முடிவுசெய்தது. அம்முடிவுக்கு முந்தைய நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே எவருடைய உடலிலும் மூளையிலும் எந்த மாற்றமும் நிகழவில்லை; மாறியது மதிப்பீடு மட்டுமே. அப்படியானால் நோய் என்று ஒன்றைச் சுட்டும்போது இரண்டு செயல்கள் ஒருசேர நிகழ்கின்றன: ஒன்று, உடலில் இன்னது நிகழ்கிறது என்று அறிந்து சொல்வது, மற்றொன்று, அது இருக்கத்தகாதது, மாற்றப்படவேண்டியது என்று மதிப்பிடுவது. முன்னதற்குப் பயிற்சி வேண்டும், பின்னதற்கு மருத்துவப் பயிற்சி தனியுரிமை எதையும் தருவதில்லை. இவ்விரண்டும் ஒரே வெள்ளை அங்கிக்குள் இருப்பதால் பின்னதும் அறிவியலே போலத் தோன்றிவிடுகிறது என்பதே கென்னடியின் குற்றச்சாட்டு. எந்த ஆபத்தை ஏற்பது, எத்தகைய வாழ்வு தாங்கத்தக்கது, எப்போது சிகிச்சையை நிறுத்துவது ஆகியவை அறநெறிக் கேள்விகள். அவற்றுக்குத் துறைசார்ந்த உரிமையாளர் எவரும் இல்லை.

இதற்கு அரிஸ்டாட்டில் முன்பே ஒரு சட்டகம் வகுத்திருக்கிறார். ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியில், மருத்துவரை மதிப்பிட மருத்துவரே தக்கவர் என்னும் கருத்தை முதலில் முழு வலிமையுடன் எடுத்துவைக்கும் அவர், பிறகு மருத்துவர் என்னும் சொல்லால் குறிக்கப்படுவோர் மூவகையினர் என்கிறார்: தொழில் செய்பவர், அக்கலையின் முதல்வர், தொழில் செய்யாமலே அக்கலையைப் பற்றிக் கல்வியால் அறிந்தவர். மூன்றாமவருக்கும் தீர்ப்பளிக்கும் தகுதி உண்டு. மேலும், சில கலைகளில் செய்தவரைவிடப் பயன்கொள்பவரே நன்கு மதிப்பிடுவார். வீட்டின் குறைநிறையைக் கட்டியவரைவிடக் குடியிருப்பவர் அறிவார், விருந்தின் சுவையைச் சமைத்தவரைவிட உண்டவர் அறிவார். மருத்துவம் இவ்வகைக் கலைதானா என்பதை அரிஸ்டாட்டில் திட்டமாகச் சொல்லவில்லை. ஒரு பகுதி அவ்வகை, ஒரு பகுதி அவ்வகையன்று என்பதே சரியான விடையாகத் தோன்றுகிறது: தையல் பிரியுமா என்பதை அறுத்தவர் அறிவார், பிழைத்தபின் வாழ்வது எப்படியிருக்கிறது என்பதைப் படுத்திருந்தவரே அறிவார்.

கென்னடி வானொலியில் தொடங்கிய வேலையைத் தொலைக்காட்சி வேறு முறையில் செய்தது. 1989இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் பத்துப் பகுதிகளாக ஒளிபரப்பான ‘எத்திக்ஸ் இன் அமெரிக்கா’ தொடரில், சட்டப் பேராசிரியர்கள் நெறியாளராக நின்று, மருத்துவர், நீதிபதி, இதழாளர், படைத்தலைவர் முதலியோரைச் சுற்றி அமர்த்தி, கற்பனை வழக்கொன்றைச் சொல்லி, ‘நீங்கள் என்ன செய்வீர்கள்’ என்று ஒவ்வொருவரையும் மடக்கி மடக்கிக் கேட்டனர். மருத்துவருக்கே எல்லாம் நன்கு தெரியுமா என்பதும் ஒரு பகுதியின் பொருளாயிற்று. சட்டக் கல்லூரியின் வினாவிடை முறை இங்கு அவையறிய நடந்தது. சாக்ரடீஸ் அஞ்சிய பேச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது: அவர் அஞ்சிய பேச்சு கேட்பவரை முடிவுக்குத் தள்ளுவது; இம்முறையோ முடிவு எவ்வளவு கடினமானது என்பதைக் கேட்பவருக்குக் காட்டுவது.

ஆனால் சொற்பொழிவு ஆற்றுவது வேறு, பொறுப்பேற்பது வேறு. அப்பொறுப்பு கென்னடியிடம் 1998இல் வந்தது. பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் 1984 முதல் 1995 வரை நடந்த குழந்தை இதய அறுவைகளை ஆராயும் பொது விசாரணைக்கு அவர் தலைவரானார். 577 சாட்சிகள் வாக்குமூலம் அளித்தனர். அவர்களில் 238 பேர் பெற்றோர். 2001 ஜூலையில் வெளிவந்த அறிக்கை 198 பரிந்துரைகளைக் கூறியது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், இயல்பான ஒரு பிரிவில் எதிர்பார்க்கத்தக்கதைவிட 30 முதல் 35 வரை கூடுதலான இறப்புகள் அங்கு நேர்ந்தன என்பது அதன் கண்டறிவு. அவ்வறிக்கையின் மிக நேர்மையான பகுதி, அங்கிருந்தோரைத் தீயவர் என்று எழுதித் தீர்த்துவிடாததுதான். அவர்கள் அக்கறையற்றவர்களல்லர், தரவுகளுக்கும் பஞ்சமில்லை, அவற்றைப் பார்த்து நிறுத்தச் சொல்வது இன்னாருடைய கடமை என்று வகுக்கப்படாமலிருந்தது. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன் வெளியே நின்று மருத்துவரைச் சாடியவர், உள்ளே வந்து மூன்றாண்டு கேட்டபின், குற்றத்தைவிட அமைப்பைப் பற்றியே மிகுதியாகப் பேசினார் என்பது கருதத்தக்கது.

இவ்விடத்தில் வெளியாரின் உரிமை பற்றிய வாதத்துக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பிரிஸ்டலில் முதலில் எண்ணிப் பார்த்தவர் வழக்கறிஞருமல்லர், இதழாளருமல்லர்; அங்கேயே பணியாற்றிய மயக்க மருந்தியல் மருத்துவர் ஸ்டீபன் போல்சின். இறப்புக் கணக்கைத் தாமே திரட்டிச் சக மருத்துவர்களிடமும் மேலிடத்திலும் கவலையைச் சொல்லிப் பயன் காணாத அவர், பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் பணிமாறினார். மருத்துவம் அறிந்த அவருடைய கண் இல்லாதிருந்தால் கென்னடியின் தத்துவம் பிரிஸ்டலில் எதையும் கண்டிராது; வெளியே அவரைக் கேட்க ஆயத்தமான ஓர் அவை உருவாகாதிருந்தால் அவருடைய கணக்கும் ஓர் இழுப்பறைக்குள்ளேயே கிடந்திருக்கும்.

அவ்விசாரணையில் எவரும் எதிர்பாராத இன்னொரு செய்தி 1999இல் வெளிப்பட்டது. இறந்த குழந்தைகளின் இதயங்கள் பிரேதப் பரிசோதனைக்குப்பின் உடலோடு சேர்க்கப்படாமல், படிப்புக்கும் ஆய்வுக்குமென மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருந்தன. லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையில் பெருந்தொகுப்பே இருந்தது. இதய நோய்க்குறைகளைப் புரிந்துகொண்டு பிற குழந்தைகளைக் காப்பாற்ற அத்தொகுப்புகள் உதவின என்பது உண்மை. பெற்றோரிடம் சொல்லாதது அவர்களைத் துயரத்திலிருந்து காப்பதற்கே என்று மருத்துவர் பலர் நம்பியதும் உண்மை. ஆயினும் குழந்தையை முழுமையாக அடக்கம் செய்துவிட்டதாக நம்பியிருந்த குடும்பங்களுக்கு, பல ஆண்டுகள் கழித்து உறுப்புகளைப் பெற்று இரண்டாம் முறையும், சிலருக்கு அதற்கு மேலும், இறுதிச்சடங்கு செய்ய நேர்ந்தது.

இங்கு மோதிக்கொண்டவை அறிவும் அறியாமையும் அல்ல. இறந்த உடல் என்பது என்ன என்பதைப் பற்றிய இரண்டு பார்வைகள் மோதின. நோய்க்கூற்றியல் மருத்துவருக்கு அது உயிர் நீங்கிய திசு. ஆராயத்தக்க, பயன்படத்தக்க பொருள். பெற்றோருக்கு அது இன்னும் அந்தக் குழந்தையே. உடல் முழுமையாக மண்ணுக்கோ நெருப்புக்கோ ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது கிறித்தவர், யூதர், இசுலாமியர், இந்துக்கள் எனப் பல சமயத்தாரும், சமயமற்றோருங்கூட, உணரும் கடமை. இவ்விரு பார்வைகளில் எது சரி என்று நுண்ணோக்கி காட்டாது. பிரித்தானியாவின் 1961ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் உறவினர் மறுக்கவில்லை என்பதையே போதுமானதாகக் கொண்டிருந்தது. 2004ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் வெளிப்படையான ஒப்புதலை அடிப்படையாக்கியது. உடல் எது என்பதற்குச் சட்டம் விடை கூறவில்லை, விடை கூறவேண்டியவரை மட்டும் மாற்றியது. இதைச் சட்டத்தின் குறை என்று சொல்வாருண்டு. அதன் அடக்கம் என்று கொள்வதே பொருத்தம்.

நோயாளியையும் சிகிச்சையில் பங்காளராக எண்ணும் மரபு புதியதன்று. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயுற்றவரையே முதலில் வைக்கிறது. மருத்துவர் அவருக்குப் பின்னரே வருகிறார். பிளேட்டோவும் தம் முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலில் இருவகை மருத்துவரைப் பிரிக்கிறார்: அடிமைகளுக்கு மருத்துவம் செய்பவர் காரணம் கேட்காமலும் சொல்லாமலும் ஆணையிட்டுவிட்டு அடுத்தவரிடம் விரைகிறார், உரிமை மக்களுக்கு மருத்துவம் செய்பவர் நோயாளியிடமும் அவர் சுற்றத்தாரிடமும் கேட்டறிந்து, விளக்கி, இணங்கவைத்தபின்னரே மருந்து தருகிறார். கோர்கியாஸின் வாயில் ஐயத்துக்குரியதாயிருந்த இணங்கவைத்தல், இங்கே மருத்துவரின் கடமையாகிவிடுகிறது.

அக்கடமையைப் பிரித்தானியச் சட்டம் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. 1985இல் சிடவே வழக்கில், எந்த ஆபத்தை நோயாளியிடம் சொல்வது என்பதைப் பெரும்பாலும் மருத்துவத் துறையின் வழக்கத்துக்கே நீதிபதிகள் விட்டனர். 2015இல் மாண்ட்கோமரி வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்நிலையை மாற்றியது. நீரிழிவு உள்ள தாய்க்கு, இயல்பான பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து 9 முதல் 10 விழுக்காடு வரை இருந்தது. அது அவரிடம் சொல்லப்படவில்லை. குழந்தை கடும் குறைபாடுகளுடன் பிறந்தது. குழந்தைக்குப் பெருங்கேடு நேரும் வாய்ப்பு மிகச் சிறியது என்பதோடு, சொன்னால் பெரும்பாலான பெண்கள் சிசேரியனையே கேட்பார்கள், அது தாய்மாருக்கு நலமன்று என்பதும் சிகிச்சையளித்த மருத்துவரின் விளக்கம். அது நல்லெண்ணத்தில் பிறந்த விளக்கந்தான். ஆயினும் விழுக்காட்டைக் கணித்தது மருத்துவம். ‘நலமன்று’ என்றது மதிப்பீடு. இரண்டாவதைத் தாய்தான் செய்யவேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது.

பேசத்தெரிந்த, முடிவெடுக்கத் தகுந்த நோயாளிக்கே இத்தீர்ப்பு முழுமையாகப் பொருந்தும். பிரிஸ்டலில் கிடந்தவர்களில் பலர் பிறந்து சில வாரங்களோ மாதங்களோ ஆன குழந்தைகள். அத்தகைய குழந்தையின் சிகிச்சையில் பெற்றோரும் மருத்துவரும் உடன்படாதபோது, குழந்தையின் மேலான நலன் எது என்பதைப் பிரித்தானியாவில் இன்றும் நீதிபதியே முடிவுசெய்கிறார். சிகிச்சையை நிறுத்துவதைப் பெற்றோர் எதிர்த்தும் நீதிமன்றம் அனுமதித்த வழக்குகள் உண்டு. மதிப்பிடும் உரிமையை மருத்துவரிடமிருந்து மீட்ட வாதம், அவ்வுரிமையைத் தானே செலுத்த இயலாத உயிரின் பொருட்டு அதைப் பெற்றோரிடம் தருவதா நீதிபதியிடம் தருவதா என்பதை இன்னும் தீர்க்கவில்லை.