பொம்மை விமானமும் மனச்சான்றும்

காஞ்சி மாநகரை ஒட்டியுள்ள ஓரிக்கைக்கு அப்பெயர் வந்ததற்கு வைணவ மரபு ஓர் அழகிய காரணம் கூறும். நாடு கடத்தப்பட்ட கணிகண்ணனோடு திருமழிசை ஆழ்வாரும், அவரைப் பின்தொடர்ந்து பெருமாளும் நகரை விட்டு நீங்கினராம். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே 'ஓரிரவு இருக்கை' என்றாகிப் பின்னர் ஓரிக்கை எனச் சுருங்கியது என்பர். இவ்வுலகமும் ஓர் இரவுத் தங்கல்தான் என்று மறையுரையில் சொல்வது நமக்கு எளிது. ஆனால் அதே ஊரில் ஒரு வீட்டில் சில மணித்துளிகளே தங்கி, அவசரத்தில் நாம் உதிர்த்த ஒரு சொல் பல மாதங்கள் நம்மை உறுத்தியது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இல்லச் சந்திப்புக்காக ஒரு நெசவாளர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். தறிக்குழி பலகையால் மூடப்பட்டிருந்தது. அப்பலகையின்மேல், ஒரு சிறகு பொருத்தப்பட்டும் மறு சிறகு பொருத்தப்படாமலும், பிளாஸ்டிக்கால் ஆன போர்விமானம் ஒன்று நின்றது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவ்வீட்டு மகன், ஓய்வு நேரத்தில் அதைச் செய்துகொண்டிருந்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு அது. ஏர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் 1970-இல் முதன்முதலாக வெளியிட்ட தொகுப்பு. முழுமை பெற்றால் சிறகின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஏறத்தாழப் பதினெட்டரை அங்குலம் இருக்கும்.

அதன் அருகிலேயே சுவரில் திருக்குடும்பப் படம் மாட்டியிருந்தது. நாம் சினந்தோம். "கொல்வதற்கென்றே செய்த கருவியை இப்படிக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாயே, இது ஒரு கிறிஸ்தவன் செய்யும் வேலையா?" என்று கேட்டோம். அவன் பதில் பேசவில்லை. செபம் சொல்லி, ஆசீர் அளித்து, அடுத்த வீட்டிற்குப் போய்விட்டோம்.

மூன்று மாதங்களுக்குப் பின் அவன் தந்தை நம்மைத் தேடி வந்தார். "சாமி, நீங்க சொன்ன நாள்ல இருந்து பையன் அந்தப் பெட்டியைத் தொடவே இல்ல. வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வந்துகிட்டு இருந்தவன், இப்போ ராத்திரி எங்க போறான்னே தெரியல. நெசமாவே அது பாவமா சாமி?" என்றார். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

நாம் சினந்ததில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1936-இல் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர், வானில் ஏறிய இயந்திரங்களுள் மிக அழகானவற்றில் ஒன்று என்பர். அதை வடிவமைத்த மிட்செல், அது படையில் சேருமுன்னரே 1937-இல், தம் 42-ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். அதன் நீள்வட்டச் சிறகைக் கண்டு வியவாதார் இல்லை. ஆயினும் அந்த மெல்லிய சிறகுகளுக்குள் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. வாள்கள் கொழுமுனைகளாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கனவு கண்டார். 1940-இல் இங்கிலாந்தில் நடந்ததோ அதற்கு நேர்மாறானது. விமானம் செய்வதற்காகச் சமையலறை அலுமினியப் பாத்திரங்களைத் தருமாறு இல்லத்தரசிகள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுன் என விலை குறித்து, பேரரசெங்கும் நன்கொடை திரட்டப்பட்டது. நம் சென்னை மாகாணத்தின் கொடையை நினைவுகூர்ந்து, பிரித்தானிய விமானப்படையின் 79, 234, 264-ஆம் அணிகள் மூன்றும் 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்னும் பெயரைத் தாங்கின. ஆகவே அந்தப் பலகைமேல் நின்ற விமானம் எங்கோ உள்ள அந்நியர் கதையன்று. நம் மண்ணின் பணமும் அக்கதையில் கலந்துள்ளது.

புனித அக்குவினா தோமையார் இது போன்ற வினாவொன்றை ஆராய்ந்துள்ளார். பெண்களின் அணிகலன்களைப் பற்றிப் பேசும் இடத்தில், அவற்றைச் செய்யும் கைவினைஞர் பாவம் செய்கின்றனரா என்ற கேள்வி எழுகிறது. பாவத்திற்கன்றி வேறெதற்கும் பயன்படாத பொருளைச் செய்வது பாவம். நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடிய வாள், அம்பு போன்றவற்றைச் செய்வது தன்னிலேயே பாவமன்று என்பது அவர் முடிவு. உண்மையான வாளுக்கே இது பொருந்துமெனில், எவரையும் காயப்படுத்த இயலாத பிளாஸ்டிக் சிறகைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் இவ்விடையோடு நிறுத்திக்கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. பொம்மை எவரையும் கொல்வதில்லை; எனினும் அது செய்பவனின் உள்ளத்தில் எதையோ உருவாக்கத்தான் செய்கிறது. இரத்தம் இல்லாத போரை, கல்லறை இல்லாத வீரத்தை அது கற்பித்துவிடக் கூடும். எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வேலை அவனை எத்தகைய மனிதனாக ஆக்குகிறது? அதை நாம் அவனிடம் கேட்கவே இல்லை. கேளாமலே தீர்ப்பு வழங்கிவிட்டோம்.

மீண்டும் சென்றோம். மன்னிப்புக் கேட்டோம். பிறகு, "உன் விமானத்தைக் காட்டு" என்றோம். தயக்கத்தோடு பெட்டியைத் திறந்தான். மெர்லின் எஞ்சினின் குழாய்களையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தீட்டியிருந்தான். "இதன்மேல் மூடி வந்துவிட்டால் ஒன்றும் தெரியாதே?" என்று கேட்டோம். அவன் வாய் திறக்குமுன் தந்தை சொன்னார்: "சேலையைத் திருப்பிப் பார்த்துத்தான் சாமி நெசவாளியை எடை போடுவாங்க. சின்ன வயசுல கோர்வைச் சேலைக்குப் பக்கத்துல உட்கார்ந்து கரை நாடா போட்டவன் இவன்." கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நேர்மை என்னும் பாடத்தை அவன் தறியில் கற்றிருந்தான். நாம் அதைப் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தோம்.

சிறகின் முன்விளிம்பில், துப்பாக்கிகளின் வாய்களை மூடிச் சிவப்பு ஒட்டுத்துணிகள் தீட்டப்பட்டிருந்தன. தூசும் குளிரும் புகாதிருக்க உண்மை விமானத்தில் ஒட்டப்பட்டவை அவை. முதல் முறை சுட்டதும் கிழிந்துவிடும். "இதுல கிழியல சாமி. இன்னும் கிளம்பல" என்றான். பக்கவாட்டில் 234-ஆம் அணியின் ஏ-இசட் எழுத்துகளைக் கையாலேயே வரைந்திருந்தான். அவ்வணியில் பறந்த ஆஸ்திரேலியர் பேட்டர்சன் ஹியூஸ் பற்றி அவன் படித்திருந்தான். 1940 ஆகஸ்டு முதல் நாள் மணம் முடித்தவர். செப்டம்பர் 7 அன்று, எதிரியின் குண்டுவீச்சு விமானத்தை மிக நெருங்கித் தாக்கிய போரில் மாண்டார். அன்று அவருக்கு வயது 22. இலண்டன்மீது பெருந்தாக்குதல் தொடங்கிய அந்த ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர். இவ்வளவையும் அவன் அறிந்திருந்தான். விமானம் இன்னும் கிளம்பவில்லை என்று அவன் சொன்னதன் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கியது.

விமானியின் இருக்கையைக் காட்டி, "பாராசூட் மூட்டைமேலதான் உட்காருவாங்க அப்பா. அதுவும் பட்டு" என்றான். தந்தை குனிந்து பார்த்தார். 1922-இல் லெஸ்லி இர்வின் ஏற்படுத்திய ஒரு சங்கத்தைப் பற்றி நாம் அறிந்ததைச் சொன்னோம். வீழும் விமானத்திலிருந்து பாராசூட்டால் உயிர் தப்பியோருக்கு, பட்டுப்புழு வடிவிலான சிறு பொன் ஊசியை அச்சங்கம் வழங்கியது. தந்தை சிறிது நேரம் பேசாதிருந்தார். "அந்தப் புழுவைக் கொதிதண்ணியில போட்டுத்தானே சாமி நூல் எடுக்கிறோம்" என்றார். இதே ஓரிக்கையில் மணிமண்டபம் எழுந்துள்ள காஞ்சிப் பெரியவர், அக்காரணத்திற்காகவே பட்டு உடுத்துவதை விரும்பவில்லை என்பதை அவ்வூரார் அறிவர். மகனின் கைவினையைப் பற்றி ஐயம் கொண்டு வந்த தந்தை, தம் கைவினையையும் அதே தராசில் வைத்தார். முற்றிலும் மாசற்ற தொழில் எவர் கையிலும் இல்லை. நம் கையிலும் இல்லை.

அன்பு வாசகர்களே, நாம் கண்ட முடிவு இதுவே. ஒரு பொருளை இருபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைக்கலாம். சிறகைக் குறைக்கலாம், எஞ்சினைக் குறைக்கலாம். மரணத்தை மட்டும் அவ்வாறு குறைக்க முடியாது. அதை அப்படியே வைத்திருக்க வேண்டும், அல்லது மறைத்துவிட வேண்டும். மறைத்துச் செய்த உருவம் எத்துணை நுட்பமானதாயினும் பொய்யே. மறவாமல் செய்தது நினைவுச்சின்னத்திற்கு நெருங்கிய உறவு. உங்கள் பிள்ளைகள் இத்தகைய உருவங்களைச் செய்தால் தடுக்காதீர்கள். அருகில் அமர்ந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதற்குள் இருந்தவர் யார்? இதற்குக் கீழே இருந்தவர் யார்? விடை தெரிந்தால் தொடரட்டும். எத்தனை விமானங்களை வீழ்த்தியது என்பது மட்டுமே தெரிந்திருந்தால், மற்றவற்றை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

அந்த விமானம் இப்போது முற்றுப்பெற்றுவிட்டது. இருக்கையின் வார்களுக்கு, தறியில் மிஞ்சிய வெண்பட்டு இழைகளைத் தந்தையே தேர்ந்தெடுத்துத் தந்தார். அவ்விழைகள் கண்ணாடிக் கூண்டுக்குள் உற்று நோக்கினாலன்றித் தெரிவதில்லை. இனி ஒரு வீட்டில் நமக்குப் புரியாத ஒன்றைக் காணும்போது, கண்டிக்கும் முன் உற்று நோக்க வேண்டும் என்பதை நாமும் கற்றுக்கொண்டோம்.