சிவப்பு வருவதற்கு முன்

ஐப்பசி. கொள்ளிடத்தில் செந்நீர். வடகரையில் கோடாலிக்கருப்பூர். கரையில் நாணல் சாய்ந்து நிமிர்கிறது. மறுபடி சாய்கிறது.

இந்த ஊரில் ஒரு காலத்தில் கல்யாணப் புடவை எழுதியிருக்கிறார்கள். நெய்ததோடு விடவில்லை. நெய்து, பிறகு எழுதியிருக்கிறார்கள்.

*

தஞ்சை மராட்டிய அரண்மனைக்கான புடவை. பட்டு இல்லை. பருத்தி. பருத்தியோடு சரிகை கலந்து நெய்த துணி. அதன்மேல் மெழுகுக் கோடு. அதன்மேல் சாயம்.

பொன்னை நெய்கிறார்கள். பிறகு பொன்மேல் சிவப்பை ஊற்றுகிறார்கள்.

ஏன் என்று மனம் கேட்கிறது. கேள்வி நாணலோடு கொஞ்சம் ஆடுகிறது.

*

சரிகை சாயத்தைக் குடிப்பதில்லை. பக்கத்து நூல் குடிக்கிறது. பொன் அப்படியே இருக்க, அதைச் சுற்றிச் சிவக்கிறது. அதனால் பொன் அடங்கித் தெரிகிறது, பழஞ்செம்பின் நிறத்தில்.

மெழுகு இருந்த கோடுகளில் மட்டும் பொன் தன் நிறத்தில்.

துணி அசைந்தால்தான் இது தெரியும். நடப்பவளின் முழங்கால் மடிப்பில் ஒரு கணம் பளிச்சிட்டிருக்கும். அடுத்த அடியில் அணைந்திருக்கும்.

*

அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்தில் கருப்பூர்த் துணிகள் இருக்கின்றன. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விரித்து வைத்த துணி அசைவதில்லை.

எழுதியவர் பெயர் துணியில் இல்லை. உடுத்தியவள் பெயரும் இல்லை.

*

1855. தஞ்சை அரசர் சிவாஜி இறக்கிறார். ஆண் வாரிசு இல்லை என்று கும்பினி அரசை எடுத்துக்கொள்கிறது. அரண்மனை இருக்கிறது. அரசு இல்லை.

1868. பெர்லினில் இரண்டு வேதியியலாளர்கள் சாயம் தரும் வேரின் சிவப்பை நிலக்கரித் தாரிலிருந்து செய்துகாட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் அது பொடியாக ஊர் ஊராக வருகிறது. வேர் தோண்டியவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள்.

அந்த நூற்றாண்டு முடியும்போது கருப்பூர்ப் புடவை நின்றுபோகிறது.

மார்பில் ஏதோ இறுகுகிறது. இறுகிய இடம் தெரிகிறது. அது துக்கம்தான். துக்கமாகவே இருக்கட்டும்.

*

சாயவேர். இம்பூறல் என்றும் சொல்வார்கள். சோழமண்டலக் கரையின் மணலில் தானாக முளைக்கும் சிறு செடி. பூ வெள்ளை, குனிந்தால்தான் தெரியும். நிறம் முழுக்க மண்ணுக்குள், வேரின் தோலில்.

கிளிஞ்சல் கலந்த மணலில் வளர்ந்த வேருக்குச் சிவப்பு ஆழம். சுண்ணாம்புதான் காரணம். கடலில் கிடந்த கிளிஞ்சல் மணலுக்கு, மணலிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து ஒரு மணப்பெண்ணின் தோளுக்கு.

ஒரு கைப்பிடி மணல். விரலிடுக்கில் இறங்குகிறது.

*

புதுச்சேரி, 1734 வாக்கில். ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி துணி எழுதுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்கிறார். குறிப்பும் துண்டுகளும் இன்றும் பாரிஸில் இருக்கின்றன.

முதல் துண்டுகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் கறுப்புக் கோடு. நிறைய வெறும் துணி.

அவற்றை அவர் எறிந்துவிடவில்லை. அது பிடித்திருக்கிறது.

*

சிக்கநாயக்கன்பேட்டை. கும்பகோணம் பக்கம். இங்கே இன்னும் எழுதுகிறார்கள். கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

பெரும்பாலும் கோயில் வேலை. தேரில் தொங்கும் தொம்பை. சாமிக்குமேல் விதானம். வாசலுக்குத் தோரணம்.

இன்று திண்ணையில் கிடப்பது ஒரு கல்யாணப் புடவை. முந்தி மட்டும் விரிந்திருக்கிறது. மற்றது மடிப்பில்.

*

கடுக்காயும் எருமைப்பாலும் ஏறிய பருத்தி. விரலுக்கு லேசான பிசுக்கு. துவர்ப்பும் பாலும் கலந்த வாசனை.

பாலின் கொழுப்பு நூலில் இருப்பதால் மை பரவாது. காரணம் தெரிந்த பிறகும் வாசனை வாசனையாகவே இருக்கிறது.

*

சீவிய மூங்கில். நுனிக்குச் சற்று மேலே துணி சுற்றி நூலால் கட்டியிருக்கிறது. மையில் தோய்கிறது. விரல் அழுத்துகிறது, கோடு இறங்குகிறது. விரல் விடுகிறது, கோடு நிற்கிறது.

எழுதுபவரின் மூச்சும் அதே இடத்தில் நிற்கிறது.

*

முதலில் கறுப்பு. துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய நீர். பானையில் அது கறுப்பு இல்லை, கலங்கல் பழுப்பு. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுக்கிறது.

பானையில் இல்லை. துணியிலும் இல்லை. தொடும்போது இருக்கிறது.

*

கொடி ஒன்று வளைகிறது. ஓர் இலை. இன்னோர் இலை. இரண்டாவது கொஞ்சம் மெலிவு. கை திரும்பிப் போய் அதைச் சரிசெய்வதில்லை.

அச்சுக்கட்டை என்றால் இரண்டும் ஒன்றாக விழுந்திருக்கும். பழைய கருப்பூர்ப் புடவைகளில் கட்டையும் உண்டு, கையும் உண்டு. அதில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கண் மெலிந்த இலையிடமே போகிறது.

*

சிவப்பு வர வேண்டிய இடங்களில் இப்போது படிகார நீர்.

நிறமில்லை. இதழ் நிறைய ஈரம் நிற்கிறது. காய்கிறது. ஒன்றும் இல்லை.

எந்த இதழ் முடிந்தது, எது பாக்கி என்று கைக்குத் தெரிகிறது. துணியில் தெரியவில்லை.

*

மனம் சிவப்பைப் பார்த்துவிட அவசரப்படுகிறது. அவசரம் தொண்டைக்குக் கீழே, சிறியதாக, சூடாக.

தெருவில் சைக்கிள் மணி. அவசரம் அந்தப் பக்கம் திரும்புகிறது.

*

சாயம் கொதிக்கும் அண்டாவில் துணி இறங்கும். படிகாரம் தொட்ட இடம் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். தொடாத இடத்திலும் நிறம் ஏறும், ஆனால் தங்காது. கொஞ்சம் தண்ணீரில் போகும். கொஞ்சம் வெயிலில் போகும்.

போவதற்கு ஓடும் நீர் வேண்டும். தேங்கிய நீரில் விட்ட நிறம் மறுபடி துணிக்கே வரும்.

*

ஆற்றுக்குப் பக்கத்தில் வண்ணத் துணி செய்யும் ஊர்கள். கொள்ளிடம். காளத்தியில் சுவர்ணமுகி. எத்தனை மணப்பெண்களின் சிவப்பு இந்த மணலுக்கு அடியில்.

*

நீலத்துக்கு வேறு வழி. பழைய முறையில் நீலம் வேண்டாத இடம் முழுவதும் மெழுகு. பிறகு அவுரித் தொட்டி. தொட்டியிலிருந்து எழும்போது துணி பச்சை. காற்றுப் பட்டதும் நீலம்.

அந்த மாற்றம் நடக்கும் நேரம் மிகக் குறைவு. பார்த்துக்கொண்டிருந்தாலும் எங்கே மாறியது என்று சொல்ல முடிவதில்லை.

*

இலைப்பச்சைக்கு நீலத்தின்மேல் மஞ்சள். மஞ்சள்தான் முதலில் போகும்.

அருங்காட்சியகங்களில் பழைய சோழமண்டலத் துணிகளில் இலைகள் நீலமாக இருக்கின்றன. அவை பச்சையாக இருந்தவை. மஞ்சள் எப்போதோ கிளம்பிவிட்டது. நீல இலையும் அழகாகத்தான் இருக்கிறது. எழுதியவர் அதைப் பார்த்ததில்லை.

*

மடிப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் துணி இழுக்கப்படுகிறது. வெறும் துணி. மாலை வெளிச்சம் அதன்மேல் படிகிறது.

இந்தப் பக்கம் மணப்பெண்ணின் இடுப்பில் கொசுவமாகப் போகும். இங்கே எழுதுவது மடிப்புக்குள் இருக்கும். ஆனாலும் எழுதுகிறார்கள்.

*

யாருக்கென்று எழுதுகிற புடவை. அவள் இன்னும் இதைப் பார்க்கவில்லை. நிறங்கள் மட்டும் சொல்லியிருக்கிறாள்: அரக்கு, மயில்நீலம், இலைப்பச்சை.

மூன்று நிறத்தையும் நெஞ்சுக்குள் வரவழைத்துப் பார்க்கும்போது அரக்கு மட்டும் வருகிறது. மற்றவை வருவதில்லை.

*

மழை. திண்ணை ஓரம் நனைகிறது. துணி உள்ளே நகர்கிறது. எழுதுபவர் மூங்கிலைக் கழுவி வைக்கிறார்.

வெயில் வர வேண்டும். அலச வேண்டும். நீலம் பாக்கி. மஞ்சள் பாக்கி. கல்யாணம் தையில்.