கேட்ட பின் பேசுவோம்



புனித சின்னப்பர் ஏதென்ஸ் நகரின் மன்றத்தில் பேசுமுன் அந்நகரைச் சுற்றிப் பார்த்தார். மக்களின் வழிபாட்டிடங்களைக் கவனித்தார். அறியாத கடவுளுக்கென எழுப்பப்பட்டிருந்த ஒரு பீடத்தைக் கண்டு, அதிலிருந்தே தம் போதனையைத் தொடங்கினார் என்று அப்போஸ்தலர் பணி நூலின் 17-ம் அதிகாரம் கூறுகிறது.

இந்தப் பாடத்தைக் கற்க ஒரு வேதபோதகருக்கு ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் பிடித்தன. பெல்ஜியம் நாட்டுப் பிரான்சிஸ்கன் சபைக் குருவான பிளாசிட் தெம்பெல்ஸ் 1933-ல் ஆப்பிரிக்காவின் கொங்கோ நாட்டுக்குச் சென்று, லூபா மக்களிடையே உழைத்தார். ஆனால் ஞானஸ்நானம் பெற்றவர்களே நோயும் துன்பமும் வந்தபோது பழைய வழிகளை நாடுவதைக் கண்டார். கண்டிப்பதை விட்டு, காரணம் என்னவென்று கேட்கத் தொடங்கினார். கடவுளிடமிருந்து முன்னோர் வழியாக வரும் உயிராற்றலே அவர்களுக்கு எல்லாம் என்று அறிந்தார். நோயும் வஞ்சனையும் அந்த ஆற்றலைக் குறைக்கும். ஆசீரும் பிள்ளைப்பேறும் உறவும் அதைப் பெருக்கும். மூடத்தனம் என்று தள்ளப்பட்டவற்றினுள் ஓர் ஒழுங்கான சிந்தனை உண்டு என்பதை 1945-ல் "பாந்து மெய்யியல்" என்ற நூலாக வெளியிட்டார்.

அதிலும் ஒரு குறை இருந்தது. நூற்றுக்கணக்கான மொழிகள் பேசும் பாந்து மக்கள் யாவரையும் ஒரே அச்சில் வார்த்து, அவர்கள் நினைப்பதைத் தாமே சொல்ல முற்பட்டார் என்று பின்வந்த ஆப்பிரிக்க அறிஞர்கள் குறை கூறினார்கள். ருவாண்டா நாட்டுக் குரு அலெக்சி ககாமே, தம் தாய்மொழியையே ஆராய்ந்து, தம் மக்களின் சிந்தனையை 1956-ல் தாமே எழுதினார். பிறரைப் பற்றிப் பேசுவதிலும், அவர்களையே பேசவிட்டுக் கேட்பது மேலானது.

ஆப்பிரிக்கா எங்கே, உரும்பிராய் எங்கே என்பீர்கள். கருணாகரப் பிள்ளையார் கோவில் உள்ள ஊரில், சைவ அயலவர் நடுவே, ஒரே செம்மண்ணில் பயிர் செய்து வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல.

நம் மண்ணிலும் இது நடந்தது. 19-ம் நூற்றாண்டு மிசனரிமார் பலர் சைவ வழிபாட்டை இகழ்ந்து எழுதினார்கள். பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த நல்லூர் ஆறுமுக நாவலர், 1854-ல் "சைவதூஷண பரிகாரம்" எழுதி, நீங்கள் இகழும் சடங்குகளுக்கு ஒப்பானவை உங்கள் வேதத்திலேயே உண்டே என்று எடுத்துக்காட்டினார். அவர் நம் வேதத்தைப் படித்திருந்தார். இகழ்ந்தவர்களோ அவருடைய நூல்களை அந்த அளவுக்குப் படித்திருக்கவில்லை. 1875-ல் மானிப்பாயில் சைவராய்ப் பிறந்து, 1901-ல் குருவான நம் சுவாமி ஞானப்பிரகாசரும் சைவரோடு வாதிட்டவர்தாம். ஆயினும் பதி, பசு, பாசம் என்பவற்றை ஆழ்ந்து கற்றே வாதிட்டார்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நம் வீட்டில் சாவு நேர்ந்தால் முதலில் ஓடி வருவது சைவ அயலவரே. முப்பத்தோராம் நாள் நாம் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். அவர்கள் வீட்டிலும் அந்த நாளில் அந்தியேட்டி. இறந்தவர்மீது கொண்ட அன்பு சாவோடு முடிவதில்லை என்ற ஏக்கம் இரு வீட்டிலும் ஒன்றே. அப்படியிருக்க, "அது அஞ்ஞானம்" என்ற ஒரு சொல்லோடு நம் பிள்ளைகளின் கேள்வியை அடைத்துவிடலாமா? கொங்கோ நாட்டுக்கென 1988-ல் உரோமை அங்கீகரித்த திருப்பலி முறையில், புனிதரோடு நேர்மையான முன்னோரும் நினைக்கப்படுகிறார்கள். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிவித்தது.

அப்படிக் கேட்டால் நம் விசுவாசம் ஆட்டம் காணாதா என்று சில பெற்றோர் அஞ்சலாம். அயலவர் சொல்லைக் கேட்டதும் ஆட்டம் காணும் விசுவாசத்துக்கு வேர் போதாது. அதற்கு நீர் ஊற்ற வேண்டியது நாம்தான். எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லி நழுவுவதும் சரியல்ல. உயிர்த்த கிறிஸ்துவைச் சின்னப்பர் ஏதென்சில் மறைக்கவில்லை. சிலர் நகைத்தார்கள், சிலர் விசுவசித்தார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். சைவ அயலவர் ஒருவரிடம் அவருடைய விரதத்தின் பொருளை, அல்லது அந்தியேட்டியின் பொருளைக் கேளுங்கள். இடைமறிக்காமல் முடிவுவரை கேளுங்கள். அவர் திரும்பி, "உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை எதற்கு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதை இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளைகளோடு இருந்து பேசிக்கொள்ளுங்கள்.

கிணற்றடியில் சமாரியப் பெண்ணைச் சந்தித்த நம் ஆண்டவர் எடுத்த எடுப்பில் போதிக்கவில்லை. முதலில் அவளிடம் தண்ணீர் கேட்டார்.