உப்பின் அளவும் உண்மையின் அளவும்

உடற்பருமனைக் குறைக்க விரும்புவோர் நம் அன்பர்களில் இன்று பலர் உளர். ஆலையிலும் சுரங்கத்திலும் பாடுபட்டு ஓய்வு பெற்றோர்க்கு உழைப்பு நின்றது. உண்ணும் அளவு மட்டும் குறையவில்லை. மருத்துவரோ, "எடையைக் குறையுங்கள், உப்பையும் குறையுங்கள்" என்கிறார். இவ்விரண்டும் ஒன்றே என எண்ணிப் பலர் மயங்குகின்றனர். அம்மயக்கத்துள் ஓர் அறவினாவும் அடங்கியுள்ளது. ஒருவன் தன்னைத் தான் கவனிப்பது உள்ளதை அறியும் பொருட்டா, தனக்கு இனியதைக் காணும் பொருட்டா? இதனையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் உப்பின் இயல்பை அறிவோம். உப்பு கொழுப்பை வளர்ப்பதுமன்று, கரைப்பதுமன்று. அதில் கலோரி என்பதே இல்லை. ஆயினும் அதிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கும். மிகுதியாக உப்பு உண்டு வந்தவர் அதைக் குறைத்தால், தேங்கிய நீர் சிறுநீராய் வெளியேறும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆதலால் சில நாட்களிலேயே எடை இறங்கியதாகத் தராசு காட்டக்கூடும். இறங்கியது நீரேயன்றிக் கொழுப்பன்று. மறுபடியும் கருவாட்டுக் குழம்பும் அப்பளமுமாக உண்டால், போன நீர் திரும்பிவிடும்.

நம்மோடு தறி ஓட்டிய தோழர் ஒருவர் ஓய்வுக்குப் பின் பருத்துவிட்டார். இரத்த அழுத்தமும் இருந்தது. உப்பைக் குறைத்தார், முதல் வாரத்தில் எடை இறங்கக் கண்டு மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சியில் சோற்றின் அளவைப் பற்றி அவர் எண்ணவேயில்லை. இரண்டாம் மாதத்தில் எடை அசையவில்லை. "உப்பை விட்டும் பயனில்லையே" என்று சலித்து, ஊறுகாய்ச் சாடியை மீண்டும் திறந்தார். இரத்த அழுத்தம் தணிந்து வருகிறதென்று மருத்துவர் கூறியதை அவர் செவிக்கொள்ளவில்லை. கிடைத்த நன்மையை நன்மையென்று அறியாமலே கைவிட்டார். ஏன்? அவர் பார்த்தது தராசின் முள்ளை மட்டுமே.

உப்பைக் குறைப்பதற்குரிய காரணம் வேறு. மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும். அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் நேரும். வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, இருத்தல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உலக மக்கள் உண்பதோ சராசரியாக அதனினும் இரு மடங்குக்கு மேல். குழம்பில் இடுவது மட்டும் உப்பன்று; ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றில் உள்ளதும் அக்கணக்கில் சேர்ந்ததே.

ஆனால் எடைக்கும் உப்புக்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. ஒரு விரல் ஊறுகாய் ஓர் உருண்டைக் களியை உள்ளே இழுக்கும். நம் முன்னோர் அப்படித்தான் உண்டனர். பருப்பும் காய்கறியும் வாங்க வழியற்ற வீட்டில் உப்பும் மிளகாயுமே சோற்றுக்குத் துணையாயின. அது குற்றமன்று, வறுமை. ஆதலின் ஏழையின் வட்டிலிலிருந்து உப்பை எடுக்கச் சொல்லுவோர், அவ்விடத்தில் கீரையும் பருப்பும் வைக்க வழி தேடுதலும் கடமையாகும். சமைக்கும் பெண்டிரை நோக்கி "உப்பில்லையே" என்று சினத்தல் அறிவுடைமையாகாது.

"உடலோ நிலையற்றது. அதற்குத் தேக்கரண்டிக் கணக்குப் பார்ப்பது பற்றன்றோ?" என்று சிலர் கேட்பர். கோசல மன்னன் பசேநதியின் வரலாறு இதற்கு விடையாகும். அம்மன்னன் தோணம் என்னும் பேரளவு சோறுண்டு, மூச்சு வாங்கப் பகவானிடம் வந்தான். பகவான் அவனை இகழவில்லை. அளவறிந்து உண்பதன் நன்மையை ஒரு பாடலால் உணர்த்தினார். சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் அதைக் கற்று, மன்னன் உண்ணும் போதெல்லாம் எடுத்துரைத்தான். மன்னன் படிப்படியாகக் குறைத்து நாழிச் சோற்றளவில் நின்றான், உடலும் இளைத்தது.

இங்கு மூன்றைக் காண்கின்றோம். மன்னன் அளந்தது உணவை. நினைவூட்டல் வந்தது உண்ணும் வேளையில். குறைத்தது படிப்படியாக. தராசு சொல்வது விளைவை. அதிலும் நீரும் கொழுப்பும் கலந்திருக்கும். நம் கையில் இருப்பது செயல். அதைக் கவனிப்பதே நற்கடைப்பிடி.

உப்பை முற்றும் துறத்தலும் நெறியன்று. உடலுக்கு உப்புத் தேவை. பகவான் உடலை வருத்தும் வழியைக் கண்டறிந்தே விலக்கினார். வெயிலில் வியர்வை சிந்தி உழைப்போரும் மருந்துண்போரும் மருத்துவரைக் கேட்டே அளவு கொள்க. சோடியம் குறைந்த உப்பென்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருப்பதுண்டு. சிறுநீரக நோயுடையோர்க்கு அது தீங்கு செய்யும்.

அன்பர்களே! பொய்யாமை நம் நான்காம் சீலம். பிறரிடம் பொய் சொல்லாதவரும் தம்மிடம் தாம் சொல்லும் பொய்யை எளிதில் மன்னித்து விடுகின்றனர். நீர் இறங்கியதைக் கொழுப்பிறங்கியதென்பதும், வீட்டு உப்பைக் குறைத்துக் கடை மிக்சரைக் கணக்கில் விடுவதும் அத்தகையனவே. நாளைக் காலை வீட்டிலுள்ள வளர்ந்தோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக உப்பை அளந்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். ஊறுகாயோ அப்பளமோ உண்ணும் நாளில் அதிலும் குறையுங்கள். சமையல் அனைத்தும் அக்கிண்ணத்திலிருந்தே நடக்கட்டும். சோற்றையும் ஒரு கரண்டி குறைத்துப் பரிமாறுங்கள். உப்புக்குரிய பயனை இரத்த அழுத்தத்திலும், சோற்றுக்குரிய பயனை எடையிலும் தேடுங்கள். எடை மெல்லத்தான் இறங்கும், அதுவரை தளராதிருங்கள்.